காஸ்ட் செக்ரிகேஷன்: ஃபீஸ் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியது

அமெரிக்காவில் வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கிவிட்டால் போதும், பிறந்தநாள் விருந்திலோ தமிழ்ப் பள்ளி வாசலிலோ யாராவது ஒருவர் "காஸ்ட் செக் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிடுவார். காஸ்ட் செக் என்பது காஸ்ட் செக்ரிகேஷன், அதாவது வீட்டின் விலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வரிக் கழிவை முன்கூட்டியே எடுக்க உதவும் ரிப்போர்ட். அதன் பின்னாலேயே வருவது ஃபீஸ் எவ்வளவு என்ற கேள்வி. எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளிலும் இதேதான், எந்தக் கம்பெனி, எவ்வளவு வாங்குகிறார்கள், இன்ஜினியர் நேரில் வருவாரா. எல்லாம் கேட்க வேண்டியவைதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியவை. அந்த ரிப்போர்ட்டால் வரிக் கணக்கில் வரும் நஷ்டத்தை இந்த வருடம் உங்கள் வருமானத்தில் கழிக்க உங்களுக்கு வழி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் 'இல்லை' என்றால் ஃபீஸ் ஐந்நூறு டாலரா ஐயாயிரம் டாலரா என்று பேரம் பேசிப் பயனில்லை.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். வாடகை வீட்டின் கட்டட விலையை அமெரிக்க வரிச் சட்டம் 27.5 ஆண்டுகளில் சம பங்காகத் தேய்மானமாகக் கழிக்க விடுகிறது. கடை, அலுவலகம் மாதிரியான வணிகக் கட்டடம் என்றால் 39 ஆண்டு. நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. ஆனால் நீங்கள் வாங்கியது வெறும் கட்டடம் மட்டும் இல்லையே, அதற்குள் அடுப்பு, டிஷ்வாஷர், கார்ப்பெட், ஜன்னல் பிளைண்ட்ஸ் எல்லாம் இருக்கின்றன, வெளியே வேலி, டிரைவ்வே, நடைபாதை, செடி கொடி இருக்கின்றன. சட்டப்படி உள்ளே இருப்பவை 5 ஆண்டுச் சொத்து, வெளியே இருப்பவை 15 ஆண்டுச் சொத்து. மொத்த விலையில் எவ்வளவு 5-க்கு, எவ்வளவு 15-க்கு, எவ்வளவு 27.5-க்கு என்று ஆதாரத்தோடு பிரித்துக் கொடுக்கும் ரிப்போர்ட்தான் காஸ்ட் செக்ரிகேஷன் ஸ்டடி. 20 ஆண்டோ அதற்குக் குறைவோ ஆயுள் உள்ள சொத்துக்கு போனஸ் தேய்மானம் உண்டு என்பதால்தான் இதற்கு இவ்வளவு மவுசு. பிரித்து எடுத்த பங்கை முதல் வருடமே மொத்தமாகக் கழித்துவிடலாம்.

இந்த போனஸ் விகிதம் ஏறி இறங்கிய கதையைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இன்னும் பலர் பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2017 வரிச் சட்டம் அதை 100 சதவீதம் ஆக்கியது, பழைய வீட்டை வாங்கினாலும் பொருந்தும் என்றும் மாற்றியது. அப்புறம் 2023-இல் 80, 2024-இல் 60, 2025 தொடக்கத்தில் 40 என்று இறங்கியது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் மறுபடியும் 100 ஆக்கி, அதை நிரந்தரமும் ஆக்கியது. ஒரு நிபந்தனை உண்டு, 2025 ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கிய சொத்தாக இருக்க வேண்டும். வாங்கிய தேதி என்பது வீடு உங்கள் பெயருக்கு மாறும் க்ளோஸிங் தேதி இல்லை, கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட தேதி. ஜனவரி முதல் வாரம் ஒப்பந்தம் போட்டு பிப்ரவரியில் சாவி வாங்கியவருக்கு 40 சதவீதம்தான் கிடைக்கும். 100 என்று நினைத்து ஃபீஸ் கட்டும் முன் அந்த ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை தேதி பார்த்துவிடுங்கள்.

இப்போது எண்களுக்கு வருவோம். கணக்குக்காக ஒரு வீடு 4,20,000 டாலர், அதில் நிலம் 1,00,000, கட்டடம் 3,20,000 என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்டடி இல்லாமல் ஒரு முழு வருடத்துக்குத் தேய்மானம் 11,636 டாலர். ஸ்டடியில் 5 ஆண்டுப் பொருள்கள் 36,000, 15 ஆண்டுப் பொருள்கள் 28,000, ஆக 64,000 பிரிந்தது என்றால் மிச்சம் 2,56,000-க்கு வருடத்துக்கு 9,309. முதல் வருடக் கழிவு 73,309 ஆகிறது, அதாவது 61,673 டாலர் கூடுதல். 24 சதவீத வரம்பில் இருப்பவருக்கு இது சுமார் 14,800 டாலர் வரி மிச்சம். இந்த எண்ணைத்தான் எல்லா விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் போடுகிறார்கள்.

சொல்லாமல் விடுவது என்னவென்றால், அடுத்த வருடத்திலிருந்து உங்கள் கழிவு 11,636-க்குப் பதில் 9,309, அதாவது வருடா வருடம் 2,327 குறைவு. மிச்சமிருக்கும் 26.5 வருடங்களுக்கு அதைப் பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய அதே 61,600-க்கு வந்து நிற்கும். சீட்டை முதல் மாதமே எடுத்துக்கொள்வது போலத்தான் இது. பணம் இப்போதே கையில் வருகிறது, அதை வைத்து அடுத்த வீட்டுக்கு முன்பணம் கட்டலாம், கடன் அடைக்கலாம், அது உண்மையான லாபம், ஆனால் மிச்ச மாதங்களுக்கான தவணை இருக்கத்தான் செய்யும். இதை யாரும் இலவசப் பணம் என்று சொல்லி விற்கக்கூடாது, வாங்குபவரும் அப்படி நம்பி வாங்கக்கூடாது.

சில வாரங்களுக்கு முன் ஒரு நண்பர் கூப்பிட்டார். "அண்ணா, மூவாயிரம் கட்டினா பதினஞ்சாயிரம் திரும்ப வருதாம், பண்ணிடலாமா?" என்றார்.

"ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து எவ்வளவுப்பா வருது?"

"ரெண்டு லட்சத்து அறுபதாயிரம் டாலர் இருக்கும். சம்பளத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்ணா?"

சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது. 1986 வரிச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்த 469-ஆம் பிரிவு, வாடகை வருமானத்தை பாஸிவ், அதாவது நேரடி உழைப்பில் வராதது, என்று ஒரு தனிக் கூடையில் போட்டுவிட்டது. அந்தக் கூடையில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. ஒரு சலுகை உண்டு, வீட்டு நிர்வாக முடிவுகளை நீங்களே எடுப்பவராக இருந்தால் வருடத்துக்கு 25,000 டாலர் வரை கழிக்கலாம், ஆனால் திருத்திய மொத்த வருமானம் 1,00,000-ஐத் தாண்டினால் அது குறைய ஆரம்பித்து 1,50,000-இல் பூஜ்யம் ஆகிவிடும். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தாலும் வரம்பு அதேதான், இரட்டிப்பு கிடையாது. ஐடியில் இரண்டு சம்பளம் வாங்கும் நம் வீடுகளில் பெரும்பாலும் இந்த வரம்பு எப்போதோ தாண்டிப் போயிருக்கும். நண்பருக்கு வரும் 61,000 டாலர் கூடுதல் நஷ்டம் அந்த வருட வரியில் ஒரு டாலர்கூடக் குறைக்காது. 8582 படிவத்தில் ஏறி, வாடகையில் லாபம் வரும் வருடம் வரையோ வீட்டை விற்கும் வரையோ காத்திருக்கும். காணாமல் போகாது என்பது உண்மை. ஆனால் சும்மா கிடக்கப் போகும் நஷ்டத்தை இன்னும் பெரிதாக்கிக்கொள்ள எதற்கு மூவாயிரம்?

அப்படியானால் யாருக்கு இது உதவும்? வேறு வாடகை வீடுகளில் நல்ல லாபம் வந்து வரி கட்டிக்கொண்டிருப்பவருக்கு உதவும், ஏனென்றால் பாஸிவ் நஷ்டம் பாஸிவ் லாபத்தைத் தாராளமாகக் கழிக்கும். வருமானம் 1,00,000-க்குக் கீழே உள்ளவருக்கு ஓரளவு உதவும். அப்புறம் வரிச் சட்டம் 'ரியல் எஸ்டேட் புரொஃபஷனல்' என்று ஏற்றுக்கொள்பவருக்கும், குறுகிய கால வாடகைக்கு விடுபவருக்கும். கடைசி இரண்டு வழிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள், அரைகுறையாகவும் பேசுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரியல் எஸ்டேட் புரொஃபஷனல் என்றால் லைசென்ஸ் வாங்குவது இல்லை. வருடத்தில் 750 மணி நேரத்துக்கு மேல் ரியல் எஸ்டேட் தொழில்களில் உழைத்திருக்க வேண்டும், நீங்கள் செய்யும் எல்லா வேலையிலும் பாதிக்கு மேல் அதுவாக இருக்க வேண்டும். முழு நேரம் மென்பொருள் எழுதும் ஒருவர் 2,000 மணி நேரம் அங்கே வேலை செய்துவிட்டு, அதற்கு மேல் வாடகை வீட்டில் 2,000 மணி நேரம் உழைத்தேன் என்று சொன்னால் எந்த ஆடிட்டரும் நம்ப மாட்டார். ஆனால் கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியரில் ஒருவர் மட்டும் இந்த இரண்டையும் தனியாக நிறைவேற்றினால் போதும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. என் மனைவி வேலையை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட் ஏஜெண்ட்டாக இருக்கிறார், எங்கள் வாடகை வீடுகளையும் அவரே பார்த்துக்கொள்கிறார். எந்த நாள், எந்த வீடு, என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று அன்றன்றே குறித்துவைக்கிறார். பிளம்பருக்கு அனுப்பிய செய்தி, ஹோம் டிப்போ கடை ரசீது, வீடு காட்டப் போன காலண்டர் பதிவு எல்லாம் அந்தக் குறிப்புக்குத் துணை. வருடக் கடைசியில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய நேரக் கணக்குகளை வரி நீதிமன்றம் எத்தனையோ வழக்குகளில் தள்ளியிருக்கிறது. இது தவிர, வாடகை வேலையிலும் தனியாகக் கணிசமான பங்கேற்பு இருக்க வேண்டும், பல வீடுகள் இருந்தால் அவற்றை ஒரே தொழிலாக எண்ணும்படி வரித்தாக்கலிலேயே விருப்பம் தெரிவிக்க வேண்டும். இந்த ஒரு தாளை இணைக்காமல் விட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக மணி நேரம் காட்ட வேண்டிவரும்.

குறுகிய கால வாடகை என்பது ஏர்பிஎன்பி வழி, அதாவது இணையத் தளம் மூலம் சில நாள்களுக்கு மட்டும் வீட்டை விடுவது. விருந்தினர் தங்கும் சராசரி நாள் 7 அல்லது அதற்குக் கீழ் என்றால் சட்டத்தின் பார்வையில் அது வாடகைத் தொழிலே இல்லை. அதனால் 750 மணி நேரம் தேவையில்லை, கணிசமான பங்கேற்பு மட்டும் போதும். அதைக் காட்டும் வழிகளில் ஒன்று, 100 மணி நேரத்துக்கு மேல் உழைத்து, வேறு எந்தத் தனி ஆளும் உங்களைவிட அதிகம் உழைக்காமல் இருப்பது. இங்கேதான் இடறுகிறார்கள். ஒவ்வொரு விருந்தினர் போன பிறகும் மூன்று மணி நேரம் சுத்தம் செய்யும் ஒரே ஆள் வருடத்தில் உங்களைத் தாண்டிவிடுவார். நிர்வாகக் கம்பெனியிடம் முழுதாக விட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். இன்னொன்று, வந்து தங்கிப் போகிறவர்களுக்கான வீடு என்றானால் கட்டடப் பகுதிக்கு 27.5 போய் 39 ஆண்டு வந்துவிடும் என்பதைச் சொல்லாமலே பலர் ஸ்டடி விற்கிறார்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதைப் பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. ஹெச்4 விசாவில், வேலை அனுமதி இல்லாமல் இருக்கும் துணைவர், வரித்தாக்கலில் "நான் 750 மணி நேரம் ரியல் எஸ்டேட் தொழில் செய்தேன்" என்று கையெழுத்துப் போடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். வரிக்கு நல்லது, குடியேற்றத்துக்கு? ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவர் ஏர்பிஎன்பியைத் தானே நடத்துவதாகச் சொல்வதும் அப்படித்தான். வரி ஆலோசகர் இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் இல்லை. கிரீன் கார்டு கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு குடும்பம் பதினைந்தாயிரம் டாலருக்காக இந்தக் கேள்வியைக் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் தாண்டிப் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, நஷ்டத்தைப் பயன்படுத்த வழி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஃபீஸ். நான் கொட்டேஷன் வாங்கிப் பார்த்த வரையில் மூன்று தட்டு இருக்கிறது. நீங்களே இணையத்தில் கேள்விகளுக்குப் பதில் நிரப்பி ரிப்போர்ட் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ஐந்நூறு டாலர் பக்கம். காணொளி வழியாக வீட்டைச் சுற்றிக் காட்டி, தொலைவிலிருந்தே செய்து தருவது 1,500-லிருந்து 2,500. இன்ஜினியர் நேரில் வந்து செய்வது தனி வீட்டுக்கு 3,000-லிருந்து 5,000. அடுக்குமாடிக் குடியிருப்பு, கடை வளாகம் என்றால் அதற்கு மேலே போகும். ஃபீஸும் தொழில் செலவாகக் கழிவுக்கு உரியதுதான். மிச்சமாகும் வரியில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் கேட்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். அவர்கள் சம்பாத்தியமே எண்ணைப் பெரிதாக்குவதில் இருக்கிறது, அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் தணிக்கை வழிகாட்டியும் இந்த ஏற்பாட்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

எங்கள் வீட்டுக்கு இன்ஜினியரை நேரில் வரச் சொன்னோம். அதற்கு முன் க்ளோஸிங் அறிக்கை, மதிப்பீட்டு ரிப்போர்ட், நில அளவைப் படம், நாங்கள் செய்த மராமத்து ரசீதுகள் எல்லாவற்றையும் அனுப்பச் சொன்னார். வந்த அன்று அவர் முதலில் வீட்டுக்குள்ளேயே நுழையவில்லை. அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வேலியை ஒரு சுற்று வந்தார், மர வேலி எத்தனை அடி, கம்பி வேலி எத்தனை அடி என்று தனித்தனியாகக் குறித்தார், டிரைவ்வே கான்கிரீட்டை அளந்தார், நீர்ப்பாய்ச்சும் கருவியின் பெட்டியைப் படம் எடுத்தார். உள்ளே வந்ததும் படுக்கையறை அலமாரிக்குள் முட்டி போட்டு உட்கார்ந்து கார்ப்பெட்டின் மூலையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஓரமாக ஆணிப்பட்டை ஓடுகிறது, பசை இல்லை, இழுத்தால் முழுதாக வந்துவிடும். அதைப் படம் எடுத்து ஒரு வரி எழுதிக்கொண்டார். ஹாலில் போட்டிருந்த வினைல் பலகை ஒன்றுக்குள் ஒன்று மாட்டி மிதக்கும் வகையா, தரையில் ஒட்டியதா என்று கேட்டு, சுவரோரச் சட்டத்தின் அடியில் டார்ச் அடித்து இடைவெளியைப் பார்த்தார். குளியலறை டைல் அருகே நிற்கவே இல்லை, அது கட்டடக் கணக்கு. சமையலறையில் அடுப்புக்கென்று தனியாக வரும் மின் இணைப்பை மின்பலகையில் தேடிக் கண்டுபிடித்தார். ஃப்ரிட்ஜ் யாருடையது என்று கேட்டார், குடியிருப்பவருடையது என்றேன், உடனே பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டார்.

கார்ப்பெட்டுக்கும் டைலுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், அதன் பின்னால் நீண்ட வழக்கு வரலாறு இருக்கிறது. 1962-இல் வந்த முதலீட்டு வரிச் சலுகை இயந்திரங்கள், சாதனங்களுக்கு மட்டும், கட்டடத்துக்குக் கிடையாது. அதனால் எது கட்டடத்தின் அங்கம், எது அங்கம் இல்லை என்ற சண்டை தொடங்கியது. சுவர், தரை, கூரை, ஜன்னல், கதவு, குழாய், சிங்க், குளியல் தொட்டி, மின்கம்பி எல்லாம் கட்டடத்தின் அங்கம் என்று விதிமுறையிலேயே பட்டியல் இருக்கிறது. 1975-இல் வெளிப்புற விளம்பரப் பலகைகளைப் பற்றிய வைட்கோ வழக்கில் வரி நீதிமன்றம் ஆறு கேள்விகளை வைத்தது. நகர்த்த முடியுமா, நகர்த்தப்பட்டிருக்கிறதா? நிரந்தரமாக இருக்கவென்றே செய்யப்பட்டதா? ஒருநாள் எடுக்க வேண்டிவரும் என்று காட்டும் சூழ்நிலை ஏதும் உண்டா? எடுப்பது எவ்வளவு பெரிய வேலை? எடுத்தால் எவ்வளவு சேதம்? எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது? இன்ஜினியர் கார்ப்பெட் மூலையைத் தூக்கிப் பார்த்தது இந்தக் கடைசி மூன்று கேள்விகளுக்காகத்தான்.

அந்தச் சலுகை 1986-இல் போய்விட்டது, ஆனால் ஆறு கேள்விகள் நின்றுவிட்டன. 1997-இல் ஹாஸ்பிடல் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா வழக்கில், கட்டடத்தைத் துண்டு துண்டாகத் தேய்மானம் கழிப்பதைச் சட்டம் 1981-லேயே நிறுத்திவிட்டது, இது அதே பழைய வழிதான் என்று ஐஆர்எஸ் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பழைய அளவுகோலை வைத்தே எது தனிச் சொத்து, எது கட்டடம் என்று பிரிக்கலாம் என்றது. இன்றைய காஸ்ட் செக்ரிகேஷன் தொழில் முழுக்க அந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கிறது. மறுபக்கம், 2012-இல் அமெரிசவுத் வழக்கில் டாலஸில் உள்ள ஒரு அபார்ட்மெண்ட் வளாகத்தை ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருப்படிகளாகப் பிரித்துக் கேட்டவர்களுக்கு நீதிமன்றம் பெரும்பகுதியை மறுத்துவிட்டது. குடியிருப்புக் கட்டடத்தில் எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு அது ஒரு எல்லைக்கல். சமையலறைக் கேபினட், தனி மின் இணைப்பு மாதிரி இரண்டு பக்கமும் வாதம் உள்ள உருப்படிகளை எந்தக் காரணத்தோடு எங்கே போட்டார் என்று ரிப்போர்ட் செய்பவரிடம் கேளுங்கள். பதில் ஒரு வழக்கையோ விதியையோ தொட்டு வரவேண்டும். "எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பழைய வீட்டை வாங்கியவரிடம் கட்டிய ரசீது எதுவும் இருக்காது. அப்படியென்றால் கார்ப்பெட்டுக்கு விலை எங்கிருந்து வருகிறது? அதே அளவு, அதே தரம் கார்ப்பெட்டை இன்று புதிதாகப் போட இந்த ஊரில் எவ்வளவு ஆகும் என்று கட்டுமான விலைத் தொகுப்பிலிருந்து எடுப்பார்கள், அதன் வயசுக்கு ஏற்பக் குறைப்பார்கள். கட்டடத்தின் மற்ற எல்லாப் பகுதிக்கும் அப்படியே செய்து, கடைசியில் எல்லாம் கூட்டினால் நீங்கள் கட்டிய விலைக்குச் சரியாக வந்து நிற்கும்படி பங்கிடுவார்கள். இந்தக் கூட்டல் சரிபார்ப்பு இல்லாத ரிப்போர்ட் ரிப்போர்ட்டே இல்லை. ஐஆர்எஸ் வழிகாட்டி ஒரு தரமான ஸ்டடிக்கு 13 அம்சங்களைச் சொல்கிறது, செய்தவரின் தகுதி, வழிமுறை விளக்கம், சட்ட ஆய்வு, அளவு எடுத்து விலை போட்ட கணக்கு, மொத்தத்தோடு ஒத்துப்போவது என்று. மாதிரி ரிப்போர்ட் ஒன்று வாங்கி அந்த 13-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அரை மணி நேர வேலை. மலிவு மென்பொருளில் நான் பார்த்த மாதிரி ரிப்போர்ட்டில் கொஞ்சம்கூடப் புகைப்படம் இல்லை, கார்ப்பெட் உண்டு என்று நாம் நிரப்பியதை நம்மிடமே அச்சடித்துத் திருப்பித் தருகிறது. தணிக்கை வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? தவறாகக் கழித்தது கணிசமாக இருந்தால் வரியோடு 20 சதவீத அபராதமும் வரலாம்.

நிலத்தின் பங்கு இந்த எல்லாக் கணக்குக்கும் முன்னால் நிற்கிறது. டெக்சாஸ் புறநகரில் விலையின் கால்வாசி நிலம் என்றால், கலிபோர்னியா கடலோரத்தில் பாதிக்கு மேலே நிலமாக இருப்பது சாதாரணம். நிலம் போக மிச்சத்தில்தான் பிரிக்க முடியும். அது மட்டுமா, கலிபோர்னியாவும் நியூ ஜெர்சியும் மாநில வரியில் போனஸ் தேய்மானத்தை ஏற்பதில்லை, அங்கே இரண்டு தேய்மான அட்டவணை வைத்துக்கொள்ள வேண்டும். டெக்சாஸில் தனிநபர் வருமான வரியே இல்லை என்பதால் இந்தத் தொல்லை கிடையாது. நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் உறவினருக்கு டெக்சாஸின் டாலஸ் அனுபவத்தை அப்படியே சொல்லிவிடக் கூடாது.

விற்கும்போது என்ன ஆகும் என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். கட்டடத்தில் கழித்த தேய்மானத்துக்கு விற்கும்போது அதிகபட்சம் 25 சதவீத வரி. ஆனால் 5 ஆண்டுப் பொருள்களில் கழித்ததற்கு, அவற்றில் லாபம் கிடைத்த அளவுக்கு, உங்கள் சாதாரண வருமான விகிதமே விழும், அது 37 வரை போகலாம். ஆறு வருடம் மிதிபட்ட கார்ப்பெட்டுக்கும் பழைய அடுப்புக்கும் விற்கும் நாளில் என்ன மதிப்பு இருக்கும்? மிகக் குறைவு. அதனால் விற்பனை விலையைப் பொருள்வாரியாக நியாயமாகப் பிரித்துக் காட்டினால் அந்தச் சுமை குறையும், அதற்கும் இந்த ரிப்போர்ட்டேதான் உதவும். இரண்டு மூன்று வருடத்தில் விற்கப்போகிறவர் இதில் இறங்காமல் இருப்பதே நல்லது என்பேன். கடைசிவரை வைத்திருந்து பிள்ளைகளுக்குப் போனால், இறந்த தேதியின் சந்தை மதிப்பு அவர்களுக்கு அடிப்படை விலையாகிவிடும், பழைய தேய்மானத்துக்கான வரி அவர்களைத் திரும்பிப் பிடிக்காது.

அவசரப்படுத்துபவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். ஸ்டடியை வாங்கிய வருடமே செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பல வருடம் கழித்துச் செய்தாலும், பழைய தாக்கல்களைத் திருத்தாமல், 3115 படிவம் மூலம் விட்டுப்போன தேய்மானம் முழுவதையும் ஒரே வருடத்தில் எடுத்துக்கொள்ளலாம், போனஸ் விகிதமும் வீட்டை வாடகைக்கு விட்ட வருடத்துடையதே பொருந்தும். அந்தப் படிவத்துக்கு உங்கள் கணக்காளரான சிபிஏ தனியாக ஆயிரம் டாலர் வரை கேட்கலாம், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்படி மொத்தமாக எடுக்கும் கழிவு உங்கள் பாஸிவ் கணக்கில் எப்படி விழும் என்று அவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டு சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும் வருடங்களில் காத்திருந்துவிட்டு, ஒருவர் வேலையை விட்டு முழு நேரம் இதில் இறங்கும்போதோ, மற்ற வீடுகளில் லாபம் தலைதூக்கும்போதோ செய்துகொண்டால் போதும். நண்பரிடம் அதைத்தான் சொன்னேன். புதிதாக வாங்கிய அடுப்பு, டிஷ்வாஷருக்கு ரசீது பத்திரமாக வைத்திரு, ஒவ்வொன்றும் 2,500 டாலருக்குள் இருந்தால் ஸ்டடி எதுவும் இல்லாமலே, உரிய விருப்பத்தைத் தாக்கலில் சேர்த்து அந்த வருடமே செலவாகக் கழித்துவிடலாம் என்றும் சொன்னேன்.

அவர் கடைசியாகக் கேட்ட இன்னொரு கேள்வியைப் பலரும் கேட்பதால் இங்கே சேர்க்கிறேன்: "மேடவாக்கத்துல இருக்கிற ஃபிளாட்டுக்கு இதைப் பண்ணலாமாண்ணா?" அமெரிக்க வரி கட்டுபவர் சென்னை வாடகையையும் இங்கே காட்டத்தான் வேண்டும், தேய்மானமும் கழிக்கலாம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் சொத்து மாற்றுத் தேய்மான முறைக்குள் போய்விடும். 2018 முதல் வாடகைக்கு விட்ட குடியிருப்பு என்றால் 30 ஆண்டு, அதற்கு முன் விட்டது என்றால் 40. போனஸ் தேய்மானம் அறவே கிடையாது. அந்த ஃபிளாட்டுக்கு ஸ்டடி செய்து தருகிறேன் என்று யாராவது ஃபீஸ் கேட்டால் கொடுக்க வேண்டாம்.